மோதிரத்தின் உள்பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அக்கா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே திருடினேன். அப்போது அவர்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். நாவல் நகரவில்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நாவல் என்ன ஆச்சு என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று, அவர்கள் வேலையைப் பற்றி நானே கேள்விமேல் கேள்வி கேட்பேன். அப்படிக் கேட்டதில் மாட்டியது இது.

அக்காவும் அத்தானும் அப்போது ஒரே இடத்தில் வேலை பார்த்துவந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பழைய ஆராய்ச்சி அணு உலை இருந்தது. அதைப் பிரித்து, துடைத்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்குவதுதான் வேலை. அணு உலை என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், முதுகு வலித்ததுதான் மிச்சம். அந்த உலை தன் ஆயுளில் ஒரு பல்பைக்கூட எரிய வைத்ததில்லை. விஞ்ஞானிகள் சோதனை செய்வதற்காகக் கட்டியது. எரிபொருளை எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது கான்கிரீட், குழாய், தொட்டி, தூசி. முக்கியமாகத் தூசி.

எழுதிக்கொள் என்று அக்கா அனுமதி கொடுத்தாள், நிபந்தனைகளோடு. கதையில் யாரும் இருட்டில் பச்சையாக ஒளிரக்கூடாது. யாருக்கும் மூன்றாவது கை முளைக்கக்கூடாது. எழுதியதை அவளிடம் காட்ட வேண்டும். அத்தானுக்கு ஒரே நிபந்தனைதான்: அவரை ஒல்லியாக எழுத வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

நள்ளிரவு. சைரன் அலறியது. சிவப்பு விளக்குகள் சுழன்றன. உலையின் அடியாழத்தில் ஏதோ ஒன்று மெல்லக் கண்விழித்து—

[அக்கா, ஓரத்தில் பென்சிலால்: எந்த நள்ளிரவு? சாயங்காலமே எங்களுக்கு வண்டி வந்துடும். அந்த நேரத்துல அங்க ஏதாவது கண்ணு முழிச்சா அது காவலாளிதான். அதுவும் சந்தேகம்.]

இரண்டாவது முயற்சி:

ஆதிமனிதன் இரண்டு கற்களை உரசி நெருப்பை உண்டாக்கிய அந்தக் கணத்திலிருந்தே, ஆக்கமும் அழிவும் ஒன்றின் தோளில் ஒன்று—

இதை நானே அடித்துவிட்டேன். ஆதிமனிதனில் தொடங்கினால் அத்தான் வந்து சேர்வதற்குள் பத்திரிகையில் பக்கம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது முயற்சி:

நான் ஒரு மோதிரம். பொற்கொல்லர் ஒருவரின் பட்டறையில் பிறந்தேன். என் இளமைக் காலம் மிகவும்—

பள்ளிக்கூடத்தில் குடையின் தன்வரலாறு, பேருந்தின் தன்வரலாறு என்றெல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அந்தப் புத்தி. ஆனால் இந்த முயற்சியில் ஒரு லாபம். உளறல் மாதிரி உண்மை வெளியே வந்துவிட்டது. அத்தானுடைய கல்யாண மோதிரம் ஒரு சாயங்காலம் உலைக்குள் மாட்டிக்கொண்டது. அது விரலோடு வீட்டுக்கு வருமா, இல்லை டிரம்முக்குள் போய்ச் சிமென்ட் பூசிக்கொண்டு படுத்துவிடுமா? இதுதான் கதை. இதை இரண்டாம் பகுதியிலேயே போட்டு உடைத்துவிட்டாயே, உனக்கெல்லாம் யார் எழுதக் கற்றுக் கொடுத்தது என்று கேட்பீர்கள். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அதனால்தான் மாடியறை.

3

உலையைப் பிரிப்பது எப்படி இருக்கும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"வாடகை வீட்டைக் காலி பண்ற மாதிரிதான்டா. என்ன, வீட்டுக்காரர் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. நீ கொண்டுபோற விளக்குமாத்தைக்கூட வாசல்ல நிறுத்தி மோந்து பார்ப்பாரு."

விதி எளிது. எல்லைக் கோட்டுக்கு உள்ளே போன எதுவும் சோதனை செய்யாமல் வெளியே வர முடியாது. நாற்காலி, ஸ்பேனர், பலகை, மனிதன், எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. சுத்தம் என்றால் போகலாம். சுத்தம் இல்லையென்றால் கழுவு, துடை, செதுக்கு, மறுபடி சோதி. அப்படியும் அடங்காவிட்டால் மஞ்சள் டிரம். மேலே சிமென்ட் ஊற்றி, மூடி, கிடங்கில் அடுக்கிவிடுவார்கள். கிடங்குக்கு முந்நூறு ஆண்டுக் காவல். ஒரு பழைய துடைப்பத்துக்கு முந்நூறு ஆண்டுக் காவல்! என் முதல் புத்தகத்தை என் பதிப்பாளர் ஒரு மழைக்காலம்கூடப் பாதுகாக்கவில்லை. ஆனால் நாம் பேச வந்தது அது இல்லை.

சுத்தமா இல்லையா என்று சொல்வது அக்கா. வெளியேறும் வாசலில் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரோடு நிற்பாள். அங்கே எல்லாருக்கும் அவள் மீட்டரக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் மீட்டரக்காதான். வேலைப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அழுக்குத் துணியை மூன்று குவியலாகப் போடுவாள்: சுத்தம், சந்தேகம், அத்தான்.

அத்தானுக்குச் சுவர் செதுக்கும் வேலை. உலையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தடிமனான கான்கிரீட் சுவர். அதன் மேல்தோலில்தான் அழுக்கு. அதிரும் இயந்திரம் ஒன்றைக் கையில் பிடித்து, அந்தத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும். அவருக்கு அங்கே வைத்த பெயர் ரம்பம். கையில் இருப்பது ரம்பம் இல்லை, அது வாயில் இருக்கிறது. முகமூடி போட்டுக்கொண்டுகூடப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்கிறார்கள். பேசும் ஒல்லியான மனிதர்.

[அத்தான், பேனாவால்: 'மிக' ஒல்லியான.]

இன்னொரு பழக்கம். உள்ளே போகும் முன் கடிகாரம், சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைத்துவிட வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

4

சண்டையை ஆரம்பித்து வைத்தது பெரியம்மா. உறவில் ஒரு கல்யாணம், எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எடுப்பவர் 'சிரிங்க' என்று சொன்ன அதே நேரத்தில் பெரியம்மா கேட்டுவிட்டார்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் விரல் மொட்டையா இருக்கு? மோதிரம் எங்க?"

அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், அக்காவைத் தவிர.

மோதிரம் லாக்கரில் இருந்தது. என்றோ ஒரு காலையில் கழற்றி வைத்தவர், சாயங்காலத்தில் போட்டுக்கொள்ள மறந்துகொண்டே இருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு மோதிரத்தோடு வந்ததே இல்லை என்பதை அக்கா அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, லாக்கரைக் கட்டிக்கிட்டீங்களா?"

பேசுவதற்கென்றே பிறந்த மனிதர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. எனக்கு அது வினோதமாக இருந்தது. குற்றம் உறுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் எழுந்து நின்று, ஒரே வரியில் முடித்தார்.

"சரி, இனிமே கழட்டவே மாட்டேன். போதுமா?"

"கழட்டாம எப்படி உள்ள போவீங்க?"

"அது என் பாடு."

[அக்கா, பென்சிலால்: ரோஷத்துல சொல்றாருன்னு நெனச்சேன். நெஜமாவே செய்வாருன்னு யாருக்குத் தெரியும்? இதைத் தெளிவா எழுது. என் வேலை விஷயம்.]

எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாச் செய்தியும் அவர்கள் குழந்தை பாப்பா வழியாகத்தான் போகும். "பாப்பா, சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு." "பாப்பா, பசிக்கலன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு." பாப்பாவுக்கு அப்போது பேச்சு வரவில்லை. இரண்டு பக்கச் செய்தியையும் கேட்டுவிட்டு அத்தானுடைய விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பும். அதுதான் அதன் பதில். ஆகவே தபால்காரன் வேலை என் தலையில் விழுந்தது. பசிக்கவில்லை என்று அத்தான் சொன்ன நாட்களில் இரண்டு பங்கும் எனக்கே வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

5

இப்போது சம்பவம்.

வெளியேறும் வாசலில் ஆள் உயரக் கூண்டு மாதிரி ஓர் இயந்திரம் நிற்கும். உள்ளே ஏறி நின்று இரண்டு கைகளையும் பொந்துக்குள் விட வேண்டும். சுத்தம் என்றால் பச்சை விளக்கு, கதவு திறக்கும். அத்தான் ஏறி நின்றார். சிவப்பு எரிந்தது. பதிவு செய்துவைத்த ஒரு பெண் குரல் மிக இனிமையாகச் சொன்னது: "இடது கை. மறுபடியும் வைக்கவும்."

மறுபடியும் வைத்தார். மறுபடியும் சொன்னது.

"வீட்லதான் ஒருத்தி குத்தம் சொல்றான்னா, இங்க இவளுமா?" என்றார் அத்தான். பின்னால் வரிசையில் நின்ற கிரேன்காரர் சிரித்தார். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது, மீட்டரோடு அக்கா வந்துவிட்டாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். பல நாள் கழித்து அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உள்ள என்ன வேலை பாத்தீங்க?"

"தெரியாதா உனக்கு?"

"கேக்க வேண்டியது என் வேலை. என்ன வேலை பாத்தீங்க?"

"சுவர் செதுக்கினேன்."

"கையுறை கிழிஞ்சுதா?"

"லேசா."

"எப்படி?"

"மோதிரம் குத்தி."

மீட்டர் அவருடைய மோதிர விரலின் மேல் போனதும் கடகடவென்று சத்தம் போட்டது. அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் எழுத்தாளனுக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் அங்கே வேலை பார்ப்பவர், விதிகளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர், வெறும் ரோஷத்துக்காக இரண்டு கையுறைக்கு அடியில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போவாரா? கதாபாத்திரமாக இவரை நான் நம்பவில்லை. நானே உண்டாக்கிய ஆள் என்றால் இந்நேரம் அடித்துவிட்டு வேறு ஆள் போட்டிருப்பேன். ஆனால் இவர் நேற்று ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அடிக்க முடியாது. ஆகவே, ஏன் என்ற கேள்வியைச் சுமந்துகொண்டே மேலே போவோம்.

6

வாசலுக்குப் பக்கத்திலேயே கழுவும் அறை. ஒரு தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மிருதுவான பிரஷ். அந்தத் தண்ணீர்கூடச் சாக்கடைக்குப் போகாது, தனித் தொட்டிக்குப் போகும். சிவப்பு விளக்கில் மாட்டியவர்களைக் கழுவிவிட வேறொரு ஆள் உண்டு, அன்றைக்கு அவர் விடுப்பு. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "பொறுமை, பொறுமை" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். தீப்பிடித்தாலும் அதைத்தான் சொல்வார் என்று பேச்சு. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அக்கா அத்தானுடைய கையைக் கழுவினாள். விரல் விரலாக, நக இடுக்கு, மணிக்கட்டு. பாப்பாவைக் குளிப்பாட்டுவது போல என்று எழுதியிருந்தேன்.

[அக்கா, பென்சிலால்: பாப்பா இவ்வளவு நெளியாது.]

கை சுத்தமாகிவிட்டது. மோதிரம் அடங்கவில்லை. அனுமதிக்கும் அளவுக்குக் கொஞ்சம்தான் மேலே, ஆனால் மேலே.

"ஒரு முடி அளவுதானே? விடேன்," என்றார் அத்தான், மெதுவாக. "நீ சொன்னா யாரு மறுத்துக் கேக்கப் போறா?"

அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் தலையாட்டினால் போதும், கதவு திறக்கும், மோதிரம் வீட்டுக்கு வரும், சண்டையும் முடியும். இங்கே அக்காவுக்காக நான் ஒரு வசனம் எழுதியிருந்தேன். முக்கால் பக்கம். கடமை, மனசாட்சி, வருங்காலத் தலைமுறை எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. அக்கா அதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டாள்.

"நான் அப்படியெல்லாம் பேசலடா. பாப்பா அந்த விரலைத்தான் வாயில வெச்சுக்கும்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவு கம்மியா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே சொல்வே?" என்று கேட்டேன்.

"ஆகாதுதான். ஆகாதுன்னு இன்னைக்கு என் புருஷனை விட்டா, நாளைக்குக் கிரேன்காரரை விடணும். அப்புறம் நான் எதுக்குடா அங்க மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்? அழகுக்கா?"

என் முக்கால் பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்கு இழப்பீடாக ஒரு நிமிடம் மௌனம்.

7

கழற்று என்றாள். கழன்று வரவில்லை.

இழுத்தாள். திருகினாள். சோப்பு போட்டு இழுத்தாள். அத்தான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசை உற்சாகமாகிவிட்டது. வண்டியைத் தவறவிடும் கவலை ஒரு பக்கம், வேடிக்கை ஒரு பக்கம்.

"வெட்டி எடுத்துடுங்க மீட்டரக்கா!" என்று கிரேன்காரர் கத்தினார்.

"எதை?" என்று உள்ளேயிருந்து அத்தான்.

"எது சுலபமோ அதை!"

கையை உயரத் தூக்கிப் பிடித்தால் வீக்கம் வடியும் என்று அக்காவுக்குத் தெரியும். தூக்குங்கள் என்றாள். அத்தான் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். அப்போது பார்த்துக் கதவைத் திறந்த மேற்பார்வையாளர், "சொல்லுங்க, என்ன சந்தேகம்?" என்றார்.

"சந்தேகம் ஒண்ணும் இல்ல சார், கைதான் வீங்கிடுச்சு."

"பொறுமை, பொறுமை." கதவு சாத்திக்கொண்டது.

சிரித்துவிட்டுத்தான் அக்கா அந்தச் சொல்லைக் கவனித்திருக்கிறாள். வீங்கிடுச்சு. கையைக் கீழே இறக்கி, தன் கையோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் தடித்திருந்தன. அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"சாயங்காலத்துல அவ்வளவா உணர்ச்சி இருக்காது. காலைல சரியாயிடும்."

"தினமுமா?"

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் அதிர்வைக் கையில் வாங்கி வாங்கி, மாலையில் விரல்கள் ஊதிவிடும். என்றோ ஒரு காலையில் சுலபமாகக் கழற்றி லாக்கரில் வைத்த மோதிரம் சாயங்காலம் விரலில் ஏறாது. அவர் மறந்ததே இல்லை. ஒவ்வொரு மாலையும் லாக்கருக்கு முன்னால் நின்று போட்டுப் பார்த்திருக்கிறார். ஏறாது. திரும்ப வைத்துவிட்டு வண்டி ஏறிவிடுவார்.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா மறுநாளே டாக்டர்கிட்ட அனுப்புவே. அவர் என்னைச் சுவர்ப் பக்கமே விடமாட்டார். வேற வேலை எனக்கு என்ன தெரியும்?"

ஐந்தாம் பகுதியில் இந்த மனிதரைக் கதாபாத்திரமாக நம்பவில்லை என்று சொன்னேன். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீங்கள் பார்த்துச் சிரிப்பதற்காக. சண்டைக்குப் பிறகு பல நாள் தயங்கிவிட்டு, அன்று காலை, வீக்கம் வடிந்திருந்தபோது, லாக்கரிலிருந்து எடுத்து மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். உள்ளே போகும் முன் கழற்றினால் சாயங்காலம் அதோடு வீட்டுக்குப் போக முடியாது. அதோடு போக அவருக்குத் தெரிந்த ஒரே வழி கழற்றாமல் இருப்பது. முட்டாள்தனம்தான். அக்காவும் அப்படித்தான் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். இந்தப் பகுதியையும் சிரிப்பாக முடிக்கத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அத்தானுடைய அந்த வாய் மூடிய முகத்தைக் குற்றம் உறுத்தும் முகம் என்று நினைத்தேனே, அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

சரி, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். மோதிரம் இன்னும் விரலில்தான் இருக்கிறது.

8

நூல் சுற்றி எடுத்தாள். பை கட்டும் நைலான் நூலை மோதிரத்துக்கு அடியில் விட்டு, மேலே மூட்டுவரை நெருக்கிச் சுற்றி, அடி முனையைப் பிடித்து மெல்லப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் ஏறிக்கொண்டே வரும். வந்தது. கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டு வரிசை கைதட்டியது.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். மோதிரத்தின் வெளிப்பக்கம் சுத்தம், கழுவியதில் போய்விட்டது. உள்பக்கம்தான் சத்தம் போட்டது. கல்யாணத்தின்போது உள்பக்கத்தில் ஒரு பெயர் வெட்டியிருந்தார்கள், அத்தான் அக்காவைத் தனியாகக் கூப்பிடும் செல்லப்பெயர். கிழிந்த கையுறை வழியாகப் போன தூசி அந்த எழுத்துப் பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

(அந்தப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதவும் எழுதினேன். அக்கா அந்தத் தாளைக் கிழித்து, 'அத்தான்' குவியலில் போட்டுவிட்டாள்.)

பிரஷ் போட்டார்கள், மருந்துத் தண்ணீரில் ஊற வைத்தார்கள். எழுத்துகள் விடவில்லை. மேற்பார்வையாளர் வந்து, முதல் முறையாகப் பொறுமையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டே வழிதான்மா. பட்டறைல கொடுத்து உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். எழுத்து போயிடும், மோதிரம் வெளிய வந்துடும். இல்லன்னா எழுத்தோட டிரம்முக்குள்ள போகட்டும். யோசிச்சுச் சொல்லுங்க."

பெயர் இல்லாத மோதிரம் வீட்டுக்கு வரலாம். பெயரோடு மோதிரம் முந்நூறு ஆண்டு உள்ளே இருக்கலாம். இரண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

9

இனி முடிவு. கையில் நிறைய இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன்.

என் முடிவு: மோதிரம் கை தவறித் தொட்டிக்குள் விழுந்து, குழாய் வழியாக உருண்டு, ஆற்றில் சேர்ந்து, ஒரு மீன் அதை விழுங்கி—

[அக்கா, பென்சிலால்: அந்தக் குழாய் ஆத்துக்குப் போகாது. மீனை விட்டுடு.]

என் இன்னொரு முடிவு: முந்நூறு ஆண்டு கழித்து யாரோ டிரம்மைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு தங்க மோதிரம், அதில் ஒரு விசித்திரமான பெயர். இவ்வளவு சிமென்ட் போட்டுக் காவல் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்களே, இது கண்டிப்பாக ஒரு மகாராணியின் பெயர்தான் என்று ஓர் ஆராய்ச்சியாளர் முனைவர் பட்டம் வாங்குகிறார். அதை மறுத்து, இல்லை, அது ஒரு நோயின் பெயர் என்று இன்னொருவர் வாங்குகிறார்.

இது அக்காவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நடந்தது என்ன என்று கேட்டேன். அத்தான் இல்லாத நேரத்தில் சொன்னாள்.

"உங்க அத்தான் யோசிக்கவே இல்லடா. 'தேய்ச்சிடுங்க சார். பேரு எனக்குத் தெரியும், எழுதி வெச்சுப் படிக்க வேண்டியதில்ல'ன்னுட்டாரு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. துடைக்கக்கூட முடியல, கைல உறை. மோதிரத்தைத் தேய்ச்சு வாங்கிட்டு வந்தோம்."

முடிவு கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டேன். அத்தானிடம் சரிபார்ப்போம் என்று, அக்கா பாப்பாவைத் தூங்க வைக்கப் போன நேரத்தில் கேட்டேன்.

"தேய்க்கறதா? யாரு சொன்னா? உங்க அக்காதான் தேய்க்க வேணாம்னா. 'அந்தப் பேரை அழிக்காதீங்க, அது அங்கேயே பத்திரமா இருக்கட்டும். இவர் விரலுக்குச் சாயங்காலமும் ஏறற மாதிரி நான் புதுசு வாங்கித் தரேன்'னு சொன்னா. சார் முன்னாடியே சொன்னா. எனக்குப் பேச்சே வரல, யோசிச்சுப் பாரு, எனக்கு! பழசு டிரம்முல இருக்கு. இது புதுசு."

இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பொய்யை ஒருவர் தனக்குச் சாதகமாகத்தானே சொல்ல வேண்டும்? இங்கே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஆளுக்கு ஆள் நல்ல வசனத்தை எடுத்து மற்றவர் வாயில் வைக்கிறார்கள். முக்கால் பக்க வசனம் எழுதுகிறவனுக்கு இந்தத் தந்திரம் தோன்றவே தோன்றாது.

இரண்டு பேருக்கும் மாற்றுக்கருத்து இல்லாத செய்திகள் மட்டும் சில. அன்றைக்கே அத்தானுடைய கையைப் பற்றி அக்கா மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தாள். அவர் பயந்தபடியே சுவர் வேலை போய்விட்டது. டிரம் தூக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். வீக்கம் மெல்ல வடிந்தது. உலை இருந்த இடம் இப்போது வெறும் தரை, புல் முளைத்திருக்கிறது, அதன் மேல் நின்றால் எதுவும் தெரியாது. அத்தான் மட்டும் அங்கே நின்று ஒரு மணி நேரம் பேசுவார்.

10

இன்று சாயங்காலம் இரண்டு முடிவையும் மேஜையில் வைத்து உரக்கப் படித்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள். பாப்பா நாற்காலியில் நின்றுகொண்டிருந்தது.

படித்து முடித்ததும் அக்கா சொன்னாள், "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

அத்தான் சொன்னார், "நான் எப்ப அப்படிச் சொன்னேன்? நான் அப்படியெல்லாம் பேசற ஆளா?"

"பேசாம வேற யாரு பேசுவா?"

"நீதான் பேசினே. சார் முன்னாடி."

"எனக்கென்ன கிறுக்கா? புது மோதிரம் வாங்கறேன்னு ஊரறியச் சொல்ல?"

இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. பல்லி மாதிரி சுவரோடு ஒட்டி உட்கார்ந்து நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் கடைசியில் இடது கையை மேஜை மேல் நீட்டினார்.

"இதுக்கு எதுக்குடா இவ்வளவு சண்டை? எழுத்தாளருக்கு முடிவுதானே வேணும்? கழட்டிக் காட்டறேன். உள்பக்கத்தைப் பாத்தா தேய்ச்சதா புதுசான்னு தெரிஞ்சுடப் போகுது."

மோதிரத்தைப் பிடித்து உருவினார். சாயங்காலமாக இருந்தும் மூட்டுவரை சுலபமாக வந்தது. அங்கே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அக்கா துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த நொடியில் எனக்கு ஒன்று விளங்கியது. நான் குனிந்து பார்த்தால், இவர்களில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்துவைத்த அந்த ஒரு வரி பொய் என்று ஆகிவிடும். கதைக்கு முடிவு கிடைக்கும், இந்த மேஜையில் ஒருவருக்கு ஒன்று குறையும். மாடியறையில் எனக்கு முடிக்காத நாவல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தான் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் பார்ப்பதென்றால் பாருங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.